பிஆர்சிஏ2 மரபணுவும் டி.என்.ஏ இரட்டிப்பும்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்பகப் புற்றுநோய் வந்த வீடுகளில் இப்போது ‘பிராக்கா டெஸ்ட்’ (பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை) என்ற பேச்சு அடிபடுகிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் கோரிமேட்டுக்கோ சென்னைக்கோ போய்வந்தவர்கள் ஒரு மரபணு அறிக்கையோடு திரும்புகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க, தெருவில் உயிரியல் படித்தவர் யாராவது இருக்கிறாரா என்று தேடுகிறார்கள். அப்படி என்னிடம் வந்த கேள்விகளும், பிளஸ் டூ பிள்ளைகள் கேட்டவையும் இங்கே கலந்து கிடக்கின்றன. நான் விலங்கியல் ஆசிரியர், மருத்துவர் அல்ல. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வேன். சிகிச்சை முடிவை உங்கள் மருத்துவரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும்.

பிஆர்சிஏ2 என்பது புற்றுநோயை உண்டாக்கும் மரபணுவா?

இல்லை. இந்த மரபணு எல்லோருக்கும் உண்டு. 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. 1994-இல் அதன் இருப்பிடத்தைக் குறித்தார்கள், 1995-இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஸ்ட்ராட்டன் தலைமையிலான குழு மரபணுவையே அடையாளம் கண்டது. இதிலிருந்து உருவாகும் புரதத்தில் 3418 அமினோ அமிலங்கள். நம் உடலில் உள்ள பெரிய புரதங்களில் ஒன்று.

இந்தப் புரதம் புற்றுநோயைத் தடுக்கிற ஆள். அது வேலைக்கு வராதபோதுதான் சிக்கல். “அந்தக் குடும்பத்தில் கேன்சர் ஜீன் இருக்கிறதாம்” என்று பெண் பார்க்கும் இடத்தில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பேசுகிறவர் உடம்பிலும் அதே ஜீன் இரண்டு பிரதி இருக்கிறது.

இதைப் ‘பழுது நீக்கும் மரபணு’ என்றுதானே படித்தோம்? இரட்டிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

படித்தது சரிதான், ஆனால் பாதிக் கதை. டி.என்.ஏவின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோனால் பிழையில்லாமல் ஒட்டுவதற்கு பிஆர்சிஏ2 வேண்டும். நெடுநாள் எல்லோரும் அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தோம். இழை அறுவதற்கு முன்பே, டி.என்.ஏ நகலெடுக்கப்படும் நேரத்திலேயே அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. என்னைக் கேட்டால், பாடப்புத்தகத்தில் முதலில் சொல்ல வேண்டியது அந்த இரண்டாவது வேலையைத்தான். புற்றுநோய் எப்படிக் கிளம்புகிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற இரண்டுமே அதிலிருந்து விளங்கும்.

முதலில் இரட்டிப்பு எப்படி நடக்கிறது என்று சொல்லுங்கள்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ முழுவதையும் ஒருமுறை நகலெடுத்தாக வேண்டும். மனித செல் ஒன்றில் 600 கோடிக்கும் மேற்பட்ட எழுத்து இணைகள் (காரங்களின் ஜோடிகள்) உள்ளன. நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர். இரட்டை இழை பிரிந்து, பழைய இழை ஒவ்வொன்றையும் பார்த்துப் புதிய இழை ஒன்று எழுதப்படுகிறது. இப்படிப் பழையது ஒன்று, புதியது ஒன்றாக அமைவதை 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும் சோதனையில் காட்டினார்கள்.

இழைகள் பிரியும் இடம் கவட்டைக் குச்சி வடிவில் இருப்பதால் அதை இரட்டிப்புக் கவை என்கிறோம். கவையின் முனையில் எம்சிஎம் என்ற ஆறு புரதங்கள் சேர்ந்த வளையம், துணைப்புரதங்களோடு சேர்ந்து இழைகளைப் பிரித்துக்கொண்டே போகும். பின்னால் பாலிமரேஸ் நொதிகள் புதிய எழுத்துகளைக் கோக்கும். ஒரு பக்க இழை தொடர்ச்சியாக வளரும். மறுபக்கம் சிறுசிறு துண்டுகளாக எழுதிப் பிறகு ஒட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் துண்டுகளைக் கண்டவர்கள் ஜப்பானின் ஒகசாகி தம்பதி. கணவர் ரெய்ஜி ஒகசாகி சிறுவயதில் ஹிரோஷிமாவின் அணுக்கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார்.

வேகத்தையும் கவனியுங்கள். ஒரு கவை நிமிடத்துக்கு 1000 முதல் 2000 எழுத்துகள் வரை நகரும். நம் முதல் குரோமோசோமில் ஏறத்தாழ 25 கோடி எழுத்து இணைகள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் தொடங்கி, இரு திசையிலும் ஒவ்வொரு கவை நிமிடத்துக்கு 1500 எழுத்து என்று போனால், முடிக்க 83,000 நிமிடம் ஆகும். அதாவது 58 நாள்! ஆனால் செல் இதை ஏறக்குறைய 8 மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. காரணம், 30,000 முதல் 50,000 இடங்களில் ஆங்காங்கே தொடங்கி வைக்கிறது. அத்தனை இடத்துக்கும் இரண்டிரண்டு கவைகள். எல்லாமே தடையில்லாமல் ஓடி முடிப்பது நடக்கிற காரியமா?

கவைக்கு என்ன தடை வரும்?

பல வகை. வெயிலும் புகையும் டி.என்.ஏ எழுத்துகளைச் சிதைத்திருக்கலாம். இரு இழைகளும் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதே நேரத்தில் அந்த மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ படியெடுக்கும் இயந்திரம் எதிரே வந்து மோதலாம். புதிய எழுத்துகள் தயாரிக்கும் மூலப்பொருள் தீர்ந்தும் போகலாம். இவற்றையெல்லாம் சேர்த்து இரட்டிப்பு நெருக்கடி என்று சொல்லலாம். நல்ல ஆரோக்கியமான செல்லிலும் இது அன்றாடம் நடப்பதுதான்.

அப்போது பிஆர்சிஏ2 என்ன செய்கிறது?

இதுதான் மையமான கேள்வி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தடையைக் கண்ட கவை பல சமயம் பின்வாங்குகிறது. ஒற்றைப் பாலத்தில் எதிரே வண்டி வந்தால் நம் வண்டியைச் சற்றுப் பின்னே எடுத்து ஓரம்கட்டுவோமே, அதுபோல. பின்வாங்கும்போது, அதுவரை எழுதப்பட்ட இரண்டு புதிய இழைகளின் நுனிகளும் தத்தம் பழைய இழைகளை விட்டுப் பிரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. மூன்று கை கொண்ட கவை நான்கு கை கொண்டதாக மாறிவிடுகிறது. பழுது சரியானதும் திரும்ப முன்னேறலாம், நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் அந்த நான்காவது கையின் நுனி வெளியே திறந்து கிடக்கிறது. செல்லுக்குள் எம்ஆர்ஈ11 என்றொரு நொதி உண்டு, திறந்த டி.என்.ஏ நுனியைக் கண்டால் கடித்துத் தின்னத் தொடங்கும். அதைக் குறை சொல்ல முடியாது, அறுந்த இழைகளைச் சீர்செய்ய அந்தக் கடி தேவை. கவையில் நிற்கும் புதிய இழையில் அது வாய் வைத்தால்தான் ஆபத்து.

இங்கேதான் பிஆர்சிஏ2 வருகிறது. ராட்51 என்ற சிறிய புரதங்களைப் பிடித்துவந்து அந்த நுனியில் வரிசையாக உட்கார வைக்கிறது. பிஆர்சிஏ2-வின் நடுப்பகுதியில் ராட்51-ஐப் பிடிக்க 8 பிடிகள் உள்ளன. வால்பகுதியில் இன்னொரு பிடி, உட்கார்ந்த வரிசை கலையாமல் நிறுத்துகிறது. ராட்51 போர்த்திய இழையை எம்ஆர்ஈ11-ஆல் எளிதில் கடிக்க முடியாது. தடை நீங்கும்வரை புதிய இழை பத்திரமாக இருக்கும்.

பிஆர்சிஏ2 இல்லையென்றால் வரிசை அமையாது, அமைந்தாலும் நிற்காது. எம்ஆர்ஈ11 ஆயிரக்கணக்கான எழுத்துகளைத் தின்றுவிடும். கவை சரிந்து குரோமோசோம் உடையும். உடைந்ததைச் சரியாக ஒட்டவும் பிஆர்சிஏ2 இல்லை. ஆக ஒரே புரதம் இல்லாததால் உடைப்பும் கூடுகிறது, ஒட்டும் வழியும் அடைபடுகிறது. வேறு பிழை மிகுந்த வழிகளில் செல் எப்படியோ ஒட்டிக்கொள்ளும். அதில் துண்டுகள் தொலையும், ஒன்றின் நுனி வேறொரு குரோமோசோமில் போய் ஒட்டும். புற்றுநோய்க்குத் தேவையான குளறுபடிகள் இப்படித்தான் சேர்கின்றன.

இதெல்லாம் கண்ணால் பார்த்ததா, ஊகமா?

பார்த்தது. 2003-இல் அசோக் வெங்கட்ராமன் குழு, பிஆர்சிஏ2 இல்லாத செல்களில் நின்றுபோன கவைகள் சிதைவதைக் காட்டியது. அவர் வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்தவர். இந்தத் துறையின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் சிலவற்றின் பின்னால் நம் பக்கம் படித்த ஒருவர் இருக்கிறார் என்பதை வகுப்பில் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வருவதில்லை.

2011-இல் நியூயார்க்கில் மரியா ஜேசின் ஆய்வகத்தில் காதரினா ஷ்லாக்கர் செய்த சோதனை இன்னும் தெளிவானது. நகலெடுக்கும் செல்லுக்கு நிறமேற்றக்கூடிய போலி எழுத்துகளைக் கொடுத்தார்கள். புதிய இழையில் அவை சேர்ந்தபின், ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்தால் எழுத்து உற்பத்தியை நிறுத்திக் கவைகளை நிற்க வைத்தார்கள். பிறகு டி.என்.ஏவைக் கண்ணாடித் தகட்டில் நீட்டிப் பரப்பி, நிறப்பகுதியின் நீளத்தை அளந்தார்கள். நல்ல செல்லில் நீளம் குறையவில்லை. பிஆர்சிஏ2 இல்லாததில் நேரம் ஆக ஆக இழை குட்டையாகிக்கொண்டே போனது. எம்ஆர்ஈ11-ஐ முடக்கியதும் குட்டையாவது நின்றது.

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது: பிஆர்சிஏ2-வின் வாலில் ஒரேயொரு அமினோ அமிலத்தை மாற்றினார்கள். அறுந்த இழையை ஒட்டும் வேலை பழையபடி நடந்தது; கவையைக் காக்கும் வேலை மட்டும் நின்றுபோனது. இரண்டும் தனித்தனி வேலைகள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

(ஹைட்ராக்ஸியூரியா என்றதும் பயப்பட வேண்டாம். அரிவாள் செல் நோயாளிகளுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படும் மருந்து அது.)

அவ்வளவு குரோமோசோம் உடைந்தால் செல் செத்துப்போக வேண்டாமா? புற்றுநோயாக எப்படி வளர்கிறது?

நியாயமான கேள்வி, ஒரு பிளஸ் டூ மாணவி கேட்டது. பெரும்பாலும் செத்துத்தான் போகும். இரண்டு பிரதியும் இல்லாத எலிக்கரு வயிற்றிலேயே இறந்துவிடுகிறது. எப்போதோ ஒரு செல், ஆபத்தைக் கண்டால் பிரிதலை நிறுத்தும் பி53 போன்ற மரபணுக்களையும் இழந்துவிட்டுத் தப்பிக்கிறது. நிறுத்துவாரும் இல்லை, காப்பாரும் இல்லை என்ற நிலையில் அது பெருகும்.

ஒரு பிரதி கெட்டால் என்ன, இன்னொன்று இருக்கிறதே?

அதனால்தான் மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பிறவியிலேயே ஒரு பிரதி பழுது. வாழ்நாளில் ஏதாவது ஒரு செல்லில் மற்றதும் போனால் ஆபத்து. இந்த ‘இரண்டு அடி’ விளக்கத்தை 1971-இல் கண் புற்றுநோயை வைத்துச் சொன்னவர் ஆல்ஃபிரெட் நட்சன்.

2017-இல் வெங்கட்ராமன் குழு இதில் ஒரு திருத்தம் சேர்த்தது. ஒரே ஒரு நல்ல பிரதி உள்ள செல்களை ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு ஆகியவற்றுக்கு உட்படுத்தினார்கள். அந்த வேதிப்பொருள்கள் பிஆர்சிஏ2 புரதத்தைச் சிதைய வைத்தன. இரண்டு நல்ல பிரதி உள்ள செல் சமாளித்தது. ஒன்றே உள்ள செல்லில் புரதம் போதாமல், கவைகள் சிதைந்தன. மரபணுவில் இரண்டாவது அடி விழாமலேயே, தற்காலிகமாக அதே நிலை வந்துவிடுகிறது. ஆய்வகச் செல்களில் கண்டது இது. இத்தனை பேருக்கு இதனால் நோய் வந்தது என்ற கணக்கு அல்ல.

கடலூர் சிப்காட் பக்கம் குடியிருக்கிறோம். அந்தக் காற்றால் இந்த மரபணு கெட்டுப்போகுமா?

பிறவியில் வரும் பிஆர்சிஏ2 மாற்றத்துக்கும் காற்றுக்கும் தொடர்பில்லை. அது பெற்றோர் வழி வருவது. ஆனால் மேலே சொன்ன கதையில் காற்றுக்கு இடம் இருக்கிறது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பென்சீனும் வினைல் குளோரைடும் அதே பட்டியலில். சிப்காட் காற்றைப் பற்றிக் குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் வெகுகாலமாகக் குரல் கொடுக்கிறார்கள். தொடர்ந்து அளந்து, அளந்ததை ஊருக்குத் தெரிகிற மாதிரி வெளியிட வேண்டும் என்று கேட்பது அவர்கள் உரிமை என்பேன்.

அதே நேரம் வீட்டுக்குள்ளும் பாருங்கள். சிகரெட், பீடி, கொசுவர்த்திச் சுருள், விறகடுப்பு, எல்லாவற்றின் புகையிலும் ஃபார்மால்டிஹைடு உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு இரவு முழுக்கச் சுருள் கொளுத்துவதைவிடக் கொசுவலை மேல்.

மது?

மதுவில் உள்ள ஆல்கஹால் கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடாகத்தான் மாறும், பிறகுதான் அசிட்டேட். மேலே சொன்ன சோதனையில் இருந்த அதே பொருள். பிஆர்சிஏ2 மாற்றம் இல்லாவிட்டாலும் மது மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது. பிராந்தி, பீர், ஒயின் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. சனிக்கிழமை மாலை புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டி வண்டி விடுகிறவர்கள், விலை குறைவு என்பதை மட்டும் பார்க்கிறார்கள்.

உடம்பெல்லாம் செல்தானே? மார்பகமும் சூல்பையும் மட்டும் ஏன்?

ஆய்வாளர்களிடம் இதற்கு ஒரே விடை இல்லை. ஈஸ்ட்ரோஜன் அந்தத் திசுக்களைத் திரும்பத் திரும்பப் பிரியத் தூண்டுகிறது. இரட்டிப்பு கூடினால் தடைகளும் கூடும். ஈஸ்ட்ரோஜன் சிதையும்போது உண்டாகும் பொருள்களும் டி.என்.ஏவைத் தாக்குகின்றன. ‘மட்டும்’ என்பதும் முழுக்கச் சரியல்ல: கணையம், ஆண்களின் புராஸ்டேட் ஆகியவற்றிலும் வாய்ப்பு கூடுகிறது.

அப்படியானால் ஆண்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். மாற்றம் உள்ள தந்தை மகளுக்கோ மகனுக்கோ அதைக் கொடுக்கும் வாய்ப்பு 50 சதவீதம், தாய்க்கும் அதேதான். “அப்பா வழியில் யாருக்கு என்ன” என்று மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடுவது நம் வீடுகளில் சகஜம். அத்தையின் நோயும் கணக்கில் சேரும். ஆணின் மார்பில் கட்டி தென்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஆண்களின் மார்பகப் புற்றுநோயில் பிஆர்சிஏ2-வுக்குத் தனிப் பங்கு உண்டு.

அக்கா மகளைக் கட்டினால் இதில் கூடுதல் ஆபத்தா?

கூடுதல் ஆபத்து குழந்தைக்கு. கணவன் மனைவி இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்தால், குழந்தைக்கு இரண்டுமே பழுதாக வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஃபான்கோனி ரத்தசோகை வரலாம்: எலும்பு மஜ்ஜை செயலிழப்பதும், சிறுவயதிலேயே புற்றுநோயும். அபூர்வ நோய்தான். ஆனால் சொந்தத்தில் மணம் முடிக்கும்போது இருவரும் ஒரே முன்னோரிடமிருந்து அதே மாற்றத்தைப் பெற்றிருக்கக்கூடும். குடும்பத்தில் மாற்றம் இருப்பது உறுதியாகியிருந்தால், மணத்துக்கு முன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

ஒலாபாரிப் என்று மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது?

புற்றுநோய்ச் செல்லின் பலவீனத்தையே அதற்கு எதிராகத் திருப்புகிறது. பார்ப் என்ற நொதி, டி.என்.ஏவின் ஓர் இழையில் விழும் கீறலைச் சரிசெய்ய உதவும். ஒலாபாரிப் அந்த நொதியை முடக்குவதோடு, டி.என்.ஏ மேலேயே பிடித்து நிறுத்திவிடும். வரும் கவை அதில் முட்டும். நல்ல செல்லில் பிஆர்சிஏ2 இருப்பதால் கவை காப்பாற்றப்படும், உடைந்தாலும் ஒட்டப்படும். கட்டியின் செல்லில் இரண்டுமே இல்லை, அது சாகும்.

இதை 2005-இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வெளியிட்டன. 2014-இல் அமெரிக்காவில் சூல்பைப் புற்றுநோய்க்கு ஒலாபாரிப் ஒப்புதல் பெற்றது. சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் ஆகிய பழைய மருந்துகள் இந்தக் கட்டிகளில் நன்றாகக் கேட்பதும் இதே காரணத்தால்தான். அவை இழைகளைப் பிணைத்துக் கவைகளைத் தடுக்கின்றன.

கொஞ்ச நாள் கேட்டது, அப்புறம் மருந்து கேட்கவில்லை. ஏன்?

கட்டியும் மாறிக்கொண்டே இருக்கும். சில செல்களில் பழுதான பிஆர்சிஏ2-விலேயே இன்னொரு மாற்றம் விழுந்து, புரதம் மீண்டும் உருவாகத் தொடங்குகிறது. 2016-இல் இன்னொரு வழியும் தெரிந்தது: எம்ஆர்ஈ11-ஐக் கவைக்கு அழைத்துவரும் புரதங்கள் இல்லாமல் போனால், காவலே இல்லாவிட்டாலும் கடிப்பதற்கு ஆள் வராது, கவை தப்பித்துவிடும். இதில் நோயாளி செய்த தவறு ஒன்றுமில்லை.

அறிக்கையில் ‘வி.யு.எஸ்’ என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஒரு மாற்றம் இருக்கிறது, அது தீங்கானதா இல்லையா என்று சொல்லப் போதிய சான்று சேரவில்லை என்று பொருள். அதை வைத்து அறுவை சிகிச்சை முடிவு எடுக்கக் கூடாது. இத்தகைய மாற்றங்களில் பல, சான்று சேரும்போது தீங்கற்றவை என்று திருத்தப்படுகின்றன. ‘நோயுண்டாக்கும் மாற்றம்’ என்று தெளிவாக இருந்தால் கதை வேறு. அப்படிப்பட்ட பெண்கள் 100 பேரில் 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரலாம் என்று, பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வுகள் கணித்துள்ளன. மார்பகத்துக்கு 25 வயது முதல் எம்.ஆர்.ஐ., 30 முதல் மேமோகிராம் என்று கண்காணிப்பு உண்டு. சூல்பையை எடுப்பது பற்றி 40 வயதையொட்டிப் பேசுவார்கள்.

மஞ்சள், வேம்பு, ஏதாவது கஷாயம் மரபணுவைச் சரிசெய்யுமா?

செய்யாது.

யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்? எங்கே கேட்பது?

இளவயதில் மார்பகப் புற்றுநோய் வந்தவர், எந்த வயதிலானாலும் சூல்பைப் புற்றுநோய் வந்தவர், மார்பகப் புற்றுநோய் வந்த ஆண், குடும்பத்தில் பலருக்கு இவை இருப்பவர். முடிந்தவரை நோய் வந்தவரை முதலில் பரிசோதிக்க வேண்டும். அவரிடம் மாற்றம் தெரிந்தால், மற்றவர்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். ரத்தம் அல்லது உமிழ்நீர்தான் எடுப்பார்கள்.

புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. சென்னையில் 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு மையம் இருக்கிறது. என்ன பரிசோதனை, என்ன கட்டணம், காப்பீட்டில் சேருமா என்பதை அங்கேயே நேரில் கேளுங்கள். போகும்போது ஒரு தாளில் அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் மூன்று தலைமுறை எழுதிக்கொள்ளுங்கள்: யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் என்று. “வயிற்றில் கட்டி” என்று மட்டும் ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள், பழைய பயாப்ஸி சீட்டு பரணில் கிடந்தால் எடுத்துப் போங்கள்.